தெளிந்த தண்ணீரில் இருக்கும் உப்பு

கேள்வி இது: "அதிகமாக வாங்கிக் குவிக்கும் ஐரோப்பிய நாடுகளில் ஆறுகள் தெளிவாக ஓடுகின்றன. அவர்கள் வாங்குவதில் கால்வாசிகூட வாங்காத நம் ஊரில்தான் ஆறு நுரைத்து நாறுகிறது. அப்படியிருக்க, நுகர்வுக் கலாசாரம் இயற்கையைக் கெடுக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நாகரிகம் முழுதாக வளர்ந்துவிட்டால் சுற்றுச்சூழல் தானாகச் சரியாகிவிடும் என்பதைத்தானே நாம் கண்ணால் பார்க்கிறோம்?"

நான் 2001-லிருந்து திருப்பூரில் சாயப்பட்டறை வேலையில் இருக்கிறேன். லேப் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு டையிங் மாஸ்டர் ஆனேன். என் அப்பா வழிச் சொந்தங்களின் தோட்டம் துரவு எல்லாம் நொய்யல் கரையில், சென்னிமலைக்குத் தெற்கே இருக்கின்றன. அதனால் இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரு ஆற்றையும் ஒரு டீ-சர்ட்டையும் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் கண்ணால் பார்ப்பது பொய்யில்லை. லண்டனில் தேம்ஸ் ஆறு 1858 கோடையில் அடித்த நாற்றத்தில் நாடாளுமன்றத்தையே நடத்த முடியாமல் திணறினார்கள். 1957-ல்கூட உயிரே இல்லாத ஆறு என்றுதான் அதைச் சொன்னார்கள். இன்று அதில் மீன் இருக்கிறது, நீர்நாய் இருக்கிறது. வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்க அவர்கள் பெரிய பணம் செலவழித்தார்கள், சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். அந்தப் பாதியை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கோவை மாநகரத்தின் சாக்கடை இன்னும் நொய்யலில்தான் விழுகிறது. அதற்கு எந்த வெளிநாட்டையும் குறை சொல்ல முடியாது.

மறுபாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. மான்செஸ்டர் வழியாக ஓடும் இர்வெல் ஆறு 19-ம் நூற்றாண்டில் சாயப்பட்டறைக் கழிவிலும் சலவைப்பட்டறைக் கழிவிலும் கறுத்துக் கிடந்தது. இப்போது அங்கே அந்தப் பட்டறைகள் அநேகமாக இல்லை. மான்செஸ்டர்க்காரர்கள் சாயம் போட்ட துணி உடுத்துவதை நிறுத்திவிட்டார்களா? முன்னைவிட அதிகமாகத்தான் வாங்குகிறார்கள். அந்தச் சாயத்தை இன்று வேறு ஊர்களில் போடுகிறோம், அவ்வளவுதான். அந்த ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று.

திருப்பூரில் பனியன் தொழில் 1920-களிலேயே தொடங்கிவிட்டது. ரொம்ப காலம் வெள்ளை பனியன்தான். வெள்ளைக்கு சலவை போதும். 1970-களின் கடைசியில் ஐரோப்பிய வியாபாரிகள் வர ஆரம்பித்தார்கள், 80-களில் கலர் டீ-சர்ட் ஆர்டர்கள் குவிந்தன. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி. வெள்ளையிலிருந்து கலருக்கு மாறிய அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில்தான் நொய்யலின் தலையெழுத்து மாறியது. ஏன் என்று புரிய, ஒரு துணி எப்படிச் சாயமேறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இதற்குள்தான் இருக்கிறது.

பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன்மேல் லேசான எதிர்மின்னூட்டம் வந்துவிடும். நாங்கள் பயன்படுத்தும் ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், சாயம் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும், துணிக்குப் போகாது. அதற்காக உப்பு போடுவோம். சாதாரண உப்பு, அல்லது கிளாபர் சால்ட் என்கிற சோடியம் சல்பேட். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தைத் துணிப் பக்கம் விரட்டும். பிறகு சோடா ஆஷ் போட்டால் சாயம் நூலோடு பிணையும். கருப்பு, நேவி புளூ, அடர் சிவப்பு போன்ற ஷேடுகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரை உப்பு போட வேண்டியிருக்கும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் மெஷின் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ கருப்புத் துணிக்கு அரைக் கிலோவுக்கும் மேல் உப்பு. பழைய விஞ்ச் மெஷின்களில் தண்ணீர் இன்னும் அதிகம், அதனால் கிலோவுக்குக் கிலோ உப்பு போட்ட காலமும் உண்டு.

ஒரு டீ-சர்ட்டுக்கு 150, 160 கிராம் துணி. ஆக, நீங்கள் ஒரு கருப்பு டீ-சர்ட் வாங்கினால் அதற்காகக் கிட்டத்தட்ட 100 கிராம் உப்பு எங்கேயோ தண்ணீரில் கரைந்திருக்கிறது. அந்த உப்பில் ஒரு துளிகூட உங்கள் சட்டையில் இருக்காது. உப்புக்குத் துணியில் ஒட்டும் வேலையே கிடையாது. சாயத்தை விரட்டிவிட்டு, போட்ட அளவு குறையாமல் அப்படியே வெளியே வந்துவிடும். நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்: பொருளில் மிஞ்சாத ஒன்று, பொருளை வாங்குகிறவர் கண்ணில் ஒருநாளும் படாது.

இனி கழிவுநீர். 1990-களின் கடைசியில் கோர்ட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நெருக்கியதில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அங்கே கழிவுநீரில் சுண்ணாம்பையும் பெரஸ் சல்பேட்டையும் கலப்பார்கள். சாயம் திரிந்து அடியில் சகதியாக இறங்கிவிடும். மேலே வரும் தண்ணீர் நல்ல தெளிவாக இருக்கும். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் யாராவது பார்வையிட வந்தால் இரண்டு கண்ணாடிக் குடுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். ஒன்றில் கருநீலத் தண்ணீர், இன்னொன்றில் தெளிந்த தண்ணீர். பார்த்தவர்கள் திருப்தியாகப் போவார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த இரண்டு குடுவையிலும் உப்பு ஏறக்குறைய ஒரே அளவு. சுண்ணாம்பு நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. கண்ணை உறுத்தியதை மட்டும் நீக்கிவிட்டு, மண்ணைக் கொல்லும் உப்பை அப்படியே ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தோம். லேபில் இருந்த எனக்கு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் எண் தெரிந்தது. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வாரியத்தின் வரம்பு. வெளியே போன தண்ணீர் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்க நாளாகியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் திருப்பூரில் தினமும் 8 கோடி லிட்டருக்கு மேல் சாயக்கழிவு வந்தது. லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்று குறைவாகவே வைத்தாலும் ஒரு நாளைக்கு 400 டன். பத்து டன் லாரியில் நாற்பது லோடு உப்பை, தினமும், வருடக்கணக்காக, ஒரு சின்ன ஆற்றில் கொட்டியதற்குச் சமம். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அதில் பெரிதாக நீரோட்டம் கிடையாது. உப்பை அடித்துக்கொண்டு போகவும் ஆளில்லை.

அது போய்த் தேங்கிய இடம் ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. கீழே கரூர் வரைக்கும் 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் பெற வேண்டும் என்று கட்டியது. அணை வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டதாகப் பெரியப்பா சொல்வார். பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் ஊற்று ஏறும், மானாவாரிக் காடெல்லாம் மஞ்சள் வயலாகும் என்று நம்பினார்கள். ஊற்று ஏறத்தான் செய்தது. அணையிலிருந்து கசிந்ததுதான் ஏறியது. சில வருடத்தில் தென்னையில் காய் சிறுத்தது, குருத்து கருகியது. மஞ்சள் உப்புத் தண்ணீரைத் தாங்காது, அதை விட்டுவிட்டார்கள். மாடுகள் தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். காங்கேயம் மாடு பஞ்சத்தைத் தாங்கும், அதற்குக்கூட இந்தத் தண்ணீர் ஆகவில்லை. மாட்டுக்கு லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை போயிருந்தேன். கிணற்று மேட்டில் நின்று பார்த்தேன், அடிவரைக்கும் தெரிந்தது. "தண்ணி நல்லாத்தானே பெரியப்பா இருக்குது" என்றேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தெளிவாத்தான் இருக்குது கண்ணு. வாயிலதான் வெக்க முடியல." நான் லேபில் பெருமையாகப் பார்த்த அதே குடுவைத் தண்ணீர், நாற்பது கிலோமீட்டர் தள்ளி அவர் கிணற்றில் இருந்தது.

உப்பு மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து, நடுவில் காற்றும் நீரும் போக வழிவிடுவது சுண்ணாம்புச் சத்து. சோடியம் வந்து அந்தச் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் துகள்கள் பிரிந்துபோய், காய்ந்ததும் மண் ஓடுபோல இறுகிவிடும். மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. ஆக, கழிவுநீர் வருவது நின்ற பிறகும் நிலம் தன்னால் தேறுவதில்லை. 1990-களில் கொட்டிய உப்பின் வேலை இன்னும் முடியவில்லை.

ஒரு பாசன அணையைப் பார்த்து, அதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம், திறந்து விட்டுவிடுங்கள் என்று விவசாயிகளே போராடிய கதை வேறெங்கும் நடந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரத்துப்பாளையத்தில் நடந்தது. திறந்து விட்டால் கீழே கரூர்க்காரர்களுக்குப் பாதிப்பு, தேக்கினால் மேலே இருப்பவர்களுக்கு. 1996-ல் கரூர்ப் பக்கத்து விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதிப்பைக் கணக்கெடுத்தபோது 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகள் பட்டியலில் வந்தார்கள்.

இந்தக் கதை நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில் சட்டை வாங்குகிற பக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே சுற்றுச்சூழல் அக்கறை வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஜெர்மனி 1990-களின் நடுவில் சில வகை அசோ சாயங்களைத் தடை செய்தது. அவை உடைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் வரும் என்பது காரணம். நல்ல சட்டம், நாங்களும் அந்தச் சாயங்களை நிறுத்தினோம், இந்திய அரசும் 1997-ல் தடை செய்தது. பட்டறை ஆட்களுக்கும் அதில் நன்மைதான். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்று ஒரு சான்று பரவலானது. துணியை எடுத்துச் சோதித்து, உடம்புக்குக் கேடு செய்யும் பொருள் எதுவும் அதில் இல்லை என்று சொல்லும் லேபிள் அது. எங்கள் துணி அதில் நன்றாகவே தேறியது.

அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். துணியில் மிஞ்சியிருப்பதைப் பார்க்கிறது. போடுகிறவரின் தோலைப் பாதுகாக்கிறது. உப்பு துணியில் மிஞ்சாது என்று மேலே சொன்னேன் இல்லையா? அதனால் எந்தத் துணிச் சோதனையிலும் அது வராது. சட்டை எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாக அலசப்பட்டதோ அவ்வளவுக்கு அது சுத்தம், அந்த அலசல் தண்ணீர் போகும் ஆறு அவ்வளவுக்கு அசுத்தம். கடையில் லேபிளைப் படித்து, பிள்ளைக்குப் பாதுகாப்பான துணி என்று நம்பி வாங்கிய தாய் நல்ல மனதோடுதான் வாங்கியிருப்பார். அவருக்கு யாரும் பொய் சொல்லவில்லை. சொன்ன உண்மை பாதியில் நின்றுவிட்டது. நாகரிகம் தான் செய்யும் கேட்டை மறைப்பது இப்படித்தான். பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு மறைப்பதில்லை. எதை அளக்கிறோம், எங்கே அளப்பதை நிறுத்துகிறோம் என்பதிலேயே அது மறைந்துவிடுகிறது.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாக மனதை அரிப்பது. பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிற வெளிநாட்டு வியாபாரி, ஒரு ஷேடு அனுப்புவார். லேபில் சின்னத் துண்டுத் துணியில் அதே நிறம் கொண்டுவந்து அனுமதி வாங்க வேண்டும், அதை லேப் டிப் என்போம். பிறகு டன் கணக்கில் போட்ட துணி அந்தத் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். சில சமயம் சாதாரணக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிடிபடாத வித்தியாசத்துக்கு லாட், அதாவது சேர்த்துச் சாயம் போட்ட துணி மொத்தமும், தள்ளுபடியாகும். அப்போது நிறத்தை உரித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு, மறுபடி சுடுநீர் அலசல். கடையில் அடுக்கி வைத்த நூறு சட்டைகளும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த நிறமும் ஒரு சீசனுக்குத்தான். மூன்று மாதத்தில் அது பழசாகிவிடும்.

எங்கள் அம்மா காலத்தில் ஊரில் 'நாகரிகம்' என்றால் உடுப்புதான். "அவ ரொம்ப நாகரிகமா இருக்கா" என்றால் புதுத் தினுசு சேலை கட்டியிருக்கிறாள் என்று பொருள். படிப்பு, பண்பு, நகர வாழ்க்கை என்று எத்தனையோ அர்த்தம் உள்ள ஒரு சொல் கடைசியில் புதுத் துணியில் வந்து நின்றது. உலகம் முழுக்க அதே கதை. 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலகத்தில் தைக்கப்படும் உடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஒவ்வொரு உடையையும் போடுகிற தடவைகள் குறைந்தன. உடம்பு இரண்டு மடங்காகவில்லை, குளிரும் இரண்டு மடங்காகவில்லை. கூடியது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிற பழக்கம்.

சரி, இதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும்? 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது, அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்ட வேண்டும் என்றது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள், 2009 அக்டோபரில் அங்கும் தீர்ப்பு உறுதியானது. அந்த 10 பைசாவை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் ஒரு கிலோ துணிக்கு எல்லா அலசலும் சேர்த்து 100 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் கிலோவுக்குப் பத்து ரூபாய். ஒரு கிலோவில் ஆறு டீ-சர்ட். ஒன்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட வரவில்லை. உண்மையான சுத்திகரிப்புக்கு இந்த அபராதத்தைப் போல மூன்று மடங்கு ஆகும் என்று வைத்தாலும் சட்டைக்கு ஐந்து ரூபாய். ஐரோப்பாவில் அந்தச் சட்டையை வாங்குகிறவருக்கு அது சில காசு.

அந்த ஐந்து ரூபாயைத் தர யாரும் இல்லை என்பதுதான் நடந்தது. பையர் விலையை யூரோவிலோ டாலரிலோ சொல்லிவிடுவார். கட்டுப்படியாகாது என்றால் பங்களாதேஷில் செய்துகொள்கிறேன் என்பார். ஏற்றுமதிக் கம்பெனி சாயக் கூலியைக் குறைக்கும். சாயப்பட்டறைக்காரர் அடுத்து குறைக்க இருப்பது கழிவுநீர்ச் செலவு ஒன்றுதான். அவரை வில்லனாக நினைக்காதீர்கள். அவர்களில் பாதிப்பேர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், காட்டை அடமானம் வைத்து மெஷின் போட்டவர்கள். எங்கள் சொந்தத்திலேயே அண்ணன் அணைக்குப் பக்கத்தில் தென்னை வைத்திருந்தார், தம்பி திருப்பூரில் பட்டறை வைத்திருந்தார். பொங்கலுக்கு இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் சட்டைக்கு ஐந்து ரூபாய் மிச்சம் ஆனது. அந்த ஐந்து ரூபாயைக் கட்டியது அண்ணனின் தென்னை.

2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம், போதும், எல்லாவற்றையும் மூடுங்கள் என்றது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எனக்கும் வேலை போனது. வெளி மாவட்டத்திலிருந்து வந்து வேலை பார்த்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஆர்டர் நிற்கவில்லை. துணி லாரியேறி வேறு மாநிலங்களுக்குப் போய்ச் சாயமேறி வந்தது. ஈரோடு, நாமக்கல் பக்கத்தில் அனுமதி இல்லாத சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன, அதிகாரிகள் போய் இடித்தார்கள், மறுபடி முளைத்தன. மான்செஸ்டரிலிருந்து திருப்பூருக்கு வர நூறு வருடம் எடுத்த விஷயம், திருப்பூரிலிருந்து பக்கத்து மாவட்டத்துக்கு ஒரே மாதத்தில் நகர்ந்ததை நான் நேரில் பார்த்தேன். ஒரு ஊர் ஆறு தெளிந்தால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது, அந்தத் துணி இப்போது எங்கே நனைகிறது என்று கேட்க வேண்டும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் திருப்பூர் மீண்டது. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொது சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ., அதற்குப் பின்னால் எவாப்பரேட்டர் என்று வரிசையாக வந்தன. கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்துத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறோம். மிச்சமிருக்கும் கெட்டி உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் படிகமாக எடுத்து அதையும் திரும்பப் பயன்படுத்துகிறோம். நான் இப்போது வேலை பார்ப்பது அப்படியொரு இடத்தில். இது சாதாரணச் சாதனை இல்லை. இத்தனை சின்னப் பட்டறைகள் ஒன்றுசேர்ந்து ஆற்றுக்குள் எதையும் விடாமல் தொழில் நடத்துவதை வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இங்கேயும் கணக்கை முழுதாகச் சொல்ல வேண்டும். காய்ச்சுவதற்கு நீராவி வேண்டும், பாய்லருக்கு விறகு வேண்டும், ஆர்.ஓ. பம்புகளுக்கு இரவு பகலாகக் கரண்ட் வேண்டும். திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது. சகதி சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. உப்பு மாயமாகவில்லை. ஆற்றில் இருந்தது இப்போது எங்கள் கண்ணெதிரே மூட்டையில் இருக்கிறது. அப்படி இருப்பதே நல்லது என்பேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன், எவ்வளவு உப்பு என்று எனக்குத் தெரிகிறது.

சட்டையின் கடைசிக் காலம் பற்றியும் இரண்டு வார்த்தை. மேல்நாட்டில் ஒருவர் பழைய துணியைத் தானப் பெட்டியில் போடுகிறார், யாரோ ஏழைக்குப் போகும் என்று நினைக்கிறார். அதில் பெரும்பகுதி பேல் கட்டிக் கப்பலேறுகிறது. கானா நாட்டில் அக்ராவில் கண்டமான்டோ என்றொரு சந்தை உண்டு. வாரம் சுமார் 1.5 கோடி உருப்படிகள் அங்கே வந்து இறங்குவதாக அங்கே வேலை செய்யும் அமைப்புகள் சொல்கின்றன. அந்தத் துணிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஓப்ரோனி வாவு', அதாவது செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி. உயிரோடு இருக்கிற ஒருவர் இவ்வளவு நல்ல துணியைத் தூக்கிப் போடுவார் என்று முதலில் அவர்களால் நம்ப முடியவில்லை. விற்காதது சாக்கடையை அடைத்து, கடற்கரையில் கயிறுபோல முறுக்கிக் கிடக்கிறது. சிலி நாட்டில் அட்டகாமா பாலைவனத்தில் இப்படித் தள்ளிய துணி மலையாகக் கிடக்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆக, சட்டை பிறக்கும்போது செய்யும் கேடு எங்கள் ஊரில், சாகும்போது செய்யும் கேடு அக்ராவில். நடுவில் ஏழெட்டுத் தடவை உடுத்திய ஊரில் மட்டும் ஆறு தெளிவாக ஓடுகிறது. உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில் இதுதான்.

இதை மேல்நாட்டுக்காரர்கள் குற்றம் என்று மட்டும் முடித்துவிட எனக்கு மனமில்லை. திருப்பூரில் தைக்கும் துணியில் ஒரு பெரிய பங்கு நம் நாட்டுக் கடைகளுக்கே போகிறது. நான் சின்ன வயதில் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று எடுப்போம். அப்பாவின் பழைய வேட்டி தூளியாகும், பிறகு அடுப்படித் துணியாகும், கடைசியில் கிழித்து விளக்குத் திரியாகும். ஒரு வேட்டி முழுசாகத் தீர்ந்துபோகும். இன்று என் பிள்ளைகளின் அலமாரியில் விலைச்சீட்டு பிரிக்காத சட்டை இருக்கிறது. பாலியஸ்டர் கலந்த துணி தூளிக்கும் ஆகாது, திரிக்கும் ஆகாது, எரித்தால் உருகி ஒழுகும். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு ஒரத்துப்பாளையம் எவ்வளவு தூரமோ, பாரிஸில் இருப்பவருக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான்.

வளர்ந்தால் தானாகச் சரியாகும் என்கிற உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். நொய்யலில் சாயம் ஓடுவது பெருமளவு நின்றது திருப்பூர் பணக்கார ஊர் ஆனதால் இல்லை. பணம் 1990-களிலேயே வந்துவிட்டது, ஆறு அதற்குப் பிறகுதான் முழுதாகச் செத்தது. ஐரோப்பிய வாடிக்கையாளரின் மனசாட்சியாலும் இல்லை. கிரீன்பீஸ் போன்ற அமைப்புகள் பெரிய பிராண்டுகளைக் கழிவுநீர் விஷயத்தில் பகிரங்கமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்ததே 2011-ல்தான். அதற்குப் பிறகே பையர்கள் எங்களிடம் துணியைத் தாண்டித் தண்ணீர் ரிப்போர்ட்டும் கேட்டார்கள். அதற்கு முன்பே பதினைந்து வருடம் வாய்தா வாய்தாவாகச் சென்னைக்கு பஸ் ஏறிப் போய், பையில் பாட்டில் தண்ணீரோடு நின்றவர்கள் கரூர், ஈரோட்டு விவசாயிகள். கேட்டைச் சுமந்தவர்கள் கேட்டைச் செய்தவர்களைக் கூண்டில் ஏற்ற முடிந்த ஒரு நாட்டில் அது நடந்தது. அந்த வழி இல்லாத ஊருக்கு ஆர்டர் போனால் அங்கே நடக்காது.

அதனால் துணியே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் என் வீட்டிலேயே அடுப்பு எரியாது. வைத்திருப்பதைக் கிழியும்வரை உடுத்துங்கள். பச்சை இலை படம் போட்ட லேபிளைப் பார்த்தால், அது துணியைப் பற்றிப் பேசுகிறதா, தண்ணீரைப் பற்றிப் பேசுகிறதா என்று பாருங்கள். வேறு பொருளுக்கும் இதே கேள்விதான். போன் பேட்டரி, தோல் செருப்பு, ஏசி, எதுவானாலும் பொருளில் மிஞ்சாதது எங்கே போனது என்று கேளுங்கள். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களைக் கேட்டால் தோலுக்கு இதே கதையை அவர்கள் இன்னும் விரிவாகச் சொல்வார்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தில் பாதியைக் கொறங்காடாக, மாடு மேயும் காடாக விட்டுவிட்டார். கிளுவை முள் வேலி, கொழுக்கட்டைப் புல், நாலு வெள்வேல மரம், இரண்டு மாடு. போன ஐப்பசி மழைக்குக் கிணறு பாதிக்கு ஏறியிருந்தது. நான் லேபிலிருந்து டிடிஎஸ் மீட்டர் எடுத்துப் போயிருந்தேன். பையிலிருந்து அதை எடுப்பதற்குள் அவர் குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார். "முன்னைக்குப் பரவால்ல. இன்னுங் கரிக்குது" என்றார். தென்னம்பிள்ளை வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அடுத்த மழை போகட்டும் என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார்.